சுறா எண்ணெயும் ஒரு ஈர்க்குக் கனமும்

பிஸ்மில்லாஹ்
கல்முனைக்குடி
1980.09.07

அன்பு மகன் ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய காவலால் இந்த வீட்டில் எல்லாரும் நேரத்துக்குத் தின்று, நேரத்துக்குத் தொழுது, நேரம் கிடைக்கும்போதெல்லாம் சண்டையும் பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அந்த நெருப்பு வெயிலில் நீயும் தலையிடி காய்ச்சல் ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் கை ஏந்துகிறேன். உன் கடிதம் வந்து பதினாறு நாளாகிறது. பதில் எழுதச் சுணங்கியது கோபத்தால் இல்லை மகன், காரணத்தை விபரமாகச் சொல்கிறேன், ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை கம்பனிக்காரன் தந்த அந்த இரண்டு வருசக் கடதாசியில் கையொப்பம் போடாதே. பேனையை எடுத்திருந்தால் கீழே வை. வாப்பா சொல்கிறேன்.

உம்மாவின் முழங்கால் நோவு குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உன் தங்கச்சி றாஹிலா பெருநாளைக்குத் தைக்க எடுத்த சட்டைகளை இப்போதுதான் தைத்து முடித்தாள், கேட்டால் கச்சான் காற்றில் மனிசர் மெசினுக்குக் கிட்டப் போகலாமா என்கிறாள். காற்றென்றால் காற்று, மூன்று கிழமையாக மணலை அள்ளி அள்ளிச் சோற்றுக் கோப்பைக்குள் போடுகிறது. சாய்ந்தமருதில் உன் பெண்சாதி கைருன்னிஸா நல்ல சுகம், உன் மாமியும் சுகம். நீ படத்தில் மட்டும் பார்த்த உன் மகள் றாபியா பதின்மூன்று மாதத்தில் நடக்கத் தொடங்கிவிட்டாள், நாலு எட்டு வைப்பாள், பொத்தென்று இருப்பாள், பிறகு நாங்கள்தான் தள்ளிவிட்டோம் என்பதுபோல எங்களைப் பார்ப்பாள். அந்தப் பார்வை அச்சொட்டாக உன்னுடையது. அவளைப் பற்றி இன்னும் இருக்கிறது, அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எனக்குக் கை ஏலாமல் போய்விட்டதென்று உம்மா றாஹிலாவைக் கொண்டு உனக்கு எழுதுவித்தது எனக்குத் தெரியாது. நீ பதிலில், வாப்பா காரை விட்டிருங்க, இனி ஒங்களுக்கு ஸ்டேரிங் புடிக்கிற வயசில்ல, கம்பனில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கேக்கிறாங்க, ஒக்டோபர் முடியிறதுக்குள்ள சைன் வெச்சிக் குடுத்து நான் நிண்டு காசு அனுப்புறன் என்று எழுதியிருந்ததை வாசித்த பிறகுதான் தெரிந்தது. வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய் இருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கம், அழவில்லை என்று எழுதினால் பொய். என்ட புள்ளட புள்ள மூணரை வயசு வரைக்கும் தகப்பனைக் காணாம வளரப் போகுது, அதுவும் என்ட கையால என்று நினைத்து நினைத்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கை ஏலாமல் போனது உண்மையென்றுதான் நானும் நம்பியிருந்தேன். நம்ம ஏ-போட்டி காரின் ஸ்டேரிங் நோன்புக்கு முதலே பாரமாகத் தொடங்கியது. முதலில் நம் ஒழுங்கைக்குள் திருப்பும்போது மட்டும், பிறகு சந்தைச் சந்தியில், பிறகு எங்கு போனாலும். ஒரு திருப்பம் வந்தால் சீட்டிலிருந்து அரைவாசி எழும்பி, இரண்டு கையாலும் கரைவலை இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டும். திரும்பினால் தானாக நேருக்கும் வராது, அதையும் நானே திருப்பி இழுக்க வேண்டும். தோள் இரண்டும் எரியும். கார் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்மார் பார்ப்பார்கள் என்று இறங்கிய பிறகு கையை உதறாமல் சிரித்துக்கொண்டு நிற்பேன். இருபத்தெட்டு வருசம் பிடித்த ஸ்டேரிங், அறுபத்தொரு வயது, சரி, அல்லாஹ் தந்தான், எடுக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இதில் மடத்தனம் எதுவென்றால், அதே கிழமையில் சிறுபோக நெல்லு மூட்டை இரண்டைத் தனியாகத் தூக்கி டிக்கியில் வைத்தவனும் நான்தான். மூட்டை தூக்கிய கை எப்படி மகன் ஸ்டேரிங்கில் மட்டும் தோற்கும்? அதை யோசிக்கவில்லையே இந்த மண்டை!

இன்னொன்றும் மறைத்துவிட்டேன். நோன்புக்கு முதல், ஜூன் தொடக்கத்தில், சம்மாந்துறைக்குக் கலியாண வீட்டு வாடகை ஹயர் போனேன். பின்னுக்கு இரண்டு பெண்கள், மடியில் இனிப்புத் தட்டங்கள், ஒன்று தொதல் சகன், ஒன்று மஸ்கட் சகன். வீரமுனை வளைவில் எதிரே வைக்கோல் வண்டி வந்தது. நான் இழுக்கிறேன், கார் கிறுகவில்லை. முன்சில்லு மதகுக் கட்டில் அடித்து வாய்க்கால் பக்கம் சரிந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, தொதல் மட்டும் அதில் ஒரு மாமியின் தலையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வயலில் நின்ற வீரமுனை ஆட்கள் ஓடிவந்து காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். எல்லாரிடமும் நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேன். உம்மாவிடமும் அதுதான். இல்லாத நாய்க்குக் கறுப்பு நிறம் வேறு கொடுத்தேன். அன்றிலிருந்து சாய்ந்தமருதில் உன் பெண்சாதி வீட்டு ஒழுங்கைக்குள் காரை விடவே பயம், பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்துதான் போவேன், பிள்ளையைக் காரில் ஏற்றவும் மாட்டேன்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் எனக்கு ஒரு ரோசம் பிறந்தது. டயரும் மொட்டைதானே, நல்ல தடிச்ச புது டயர் போட்டால் ஒருவேளை லேசாகும், கடைசியாக அதையும் பார்ப்போம் என்று பஸாரில் றவூபின் டயர் கடைக்குப் போனேன். உன்னோடு படித்த றவூப்தான், இப்போது தாடி வைத்திருக்கிறான். கடையில் ரீபில்ட் டயர், சாதாரணப் புது டயர், கொழும்பிலிருந்து வந்த ரேடியல் என்று மூன்று சாதி இருந்தது. நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வான் ஒன்றுக்குப் போடுகிற ஆனைக்கால் டயர் ஒன்றைக் காட்டி இதைப் போடு என்றேன். அவன் டயரைத் தொடவேயில்லை. என் காரின் முன்சில்லுப் பக்கம் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு பழைய டயரை உள்ளங்கையால் வெளியிலிருந்து உள்ளே தடவினான், பிறகு உள்ளேயிருந்து வெளியே. மாமா, நீங்களும் தடவுங்க என்றான். தடவினேன். ஒரு பக்கம் போகும்போது வழுவழுவென்று போனது, திரும்பி வரும்போது கை சொரசொரவென்று தடக்கியது. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதற்கும் வாலிலிருந்து தலைக்குத் தடவுவதற்கும் உள்ள அதே வித்தியாசம்! மாமா, இந்தச் சில்லு ரெண்டும் நேரா ஓடல்ல, ரோட்டுல இழுபட்டு ஓடியிரிக்கி, எங்கயோ நல்லா அடிச்சிரிக்கீங்க என்றான். நாய் என்று வாய் திறந்தேன். நாயில அடிச்சா இப்பிடித் தேயாது மாமா, கல்லுல அடிச்சாத்தான் என்றான். ஊரில் ஒரு மனிதருக்கும் நான் சொல்லாத விசயம் ஒரு துண்டு இறப்பரில் எழுதிக் கிடந்திருக்கிறது, எழுத்தறியாதவன் மாதிரி நான் அதன்மேல் ஓடித் திரிந்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது மகன்.

றவூப் யாவாரத்தைப் பார்க்காமல், இப்ப புது டயர் போட்டா ரெண்டு மாசத்துல இதுவும் இப்பிடித்தான் கரையும், தடிச்ச டயர் போட்டா ஸ்டேரிங் இன்னும் பாரமாகும், முதல்ல பாண்டிருப்புல குணத்திட்டக் காட்டிட்டு வாங்க என்று அனுப்பினான். மேசன் வேலைக்காரன் குணம் இல்லை, கராஜ் வைத்திருக்கும் குணம். நெடுவல் ஆள், மூக்குக் கண்ணாடி, பேச்சுக் குறைவு. போய், தம்பி, கைக்குப் பெலமில்லாமப் போச்சு, காரை ஓடுறதா விடுறதா எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க என்றேன். அவர் என்னையல்ல, காரைத்தான் பார்த்தார். முன்பக்கம் இரண்டு சில்லும் நிலத்தில் படாமல் ஜக் வைத்து உயர்த்திவிட்டு, காக்கா, இப்ப திருப்பிப் பாருங்க என்றார். திருப்பினேன். அந்தரத்தில் தொங்குகிற சில்லு, டயர் ஒன்றிலும் படவில்லை, ஆனாலும் அதே பாரம். அப்ப டயர்ல பிழையில்ல, உங்கட கையிலயும் பிழையில்ல, உள்ளுக்குள்ள ஏதோ பிடிச்சு வெச்சிருக்கு என்றார். மகன், வேறு ஒன்றும் செய்யவில்லை அந்த மனிசன், காரைத் தூக்கினார், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருசக்காரன் நான் நாலு மாதம் யோசித்து அழிந்த கேள்விக்கு ஒரு ஜக் பதில் சொல்லிவிட்டது. உங்கட கையிலயும் பிழையில்ல என்ற அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சிரிக்காமல் இன்னொரு தரம் சொன்னார்.

பிறகு ஸ்டேரிங்கிலிருந்து சில்லுக்குப் போகிற தண்டைக் கழற்றினார். கழற்றியதும் ஸ்டேரிங் பம்பரமாகச் சுற்றியது, அப்போது பிழை அங்கேயும் இல்லை. சில்லைக் கையால் பிடித்து அசைத்தார், அசையவில்லை. சில்லு எந்த முளையைச் சுற்றித் திரும்புகிறதோ அதற்குக் கிங்பின் என்று பேர், அதுதான் பூட்டிக் கிடந்தது. அதை அடித்துக் கழற்றுவதற்கு ளுஹர் தொழுதுவிட்டு நான் திரும்பி வரும்வரை எடுத்தது. வெளியில் வந்த முளையில் கிறீஸ் இல்லை. பலாக்காய்ப் பால் காய்ந்து இறுகிய மாதிரி மண்ணிறத்தில் ஒரு பிசின். குணம் அதை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார். இன்னொரு தரம் மணந்தார். பிறகு என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். யா அல்லாஹ், சுறா எண்ணெய்!

உனக்கு ஞாபகம் வரும். எழுபத்தெட்டுச் சூறாவளியில் வளவுக்குள் நின்ற உப்புத் தண்ணீரில் கார் மூன்று நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் கறள் பிடித்துவிடும் என்ற பயத்தில் தோணிக்காரரிடம் ஒரு கலன் சுறா எண்ணெய் வாங்கி வந்து, நீ டோர்ச் பிடிக்க, நான் தும்புக்கட்டையால் காரின் அடியெல்லாம் பூசினேன். அதோடு நின்றிருந்தால் ஒரு கெடுதியும் இல்லை. அந்த நாட்களில் கடையில் கிறீஸ் கிடைக்கவில்லை, எண்ணெய் மிச்சம் கிடந்தது. தோணியை உப்பிலிருந்து காக்கிற எண்ணெய் காரைக் காக்காதா என்று கிறீஸ் அடிக்கிற பம்புக்குள்ளும் அதையே ஊற்றி ஏற்றிவிட்டேன். நீ அடுத்த பெப்ரவரியில் வெளிநாடு போன பிறகும், கிறீஸ் தாராளமாகக் கிடைத்த பிறகும், மாதாமாதம் அதையேதான் ஏற்றினேன், என்ன மணமாக இருக்கிறதென்று கேட்டவர்களிடம் இது என்ட கைமருந்து என்று பெருமையும் அடித்தேன். குணம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, காக்கா, தோணிக்கு அதப் பூசுறதே காஞ்சு தோல் மாதிரிப் பிடிக்கத்தான், காயுற எண்ணெய ஓடுற இடத்துல விட்டா பூட்டத்தானே செய்யும் என்றார். கடற்கரையில் பிறந்து, தோணிக்கு அது காய்வதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவனுக்கு, பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கிறவர் சொல்ல வேண்டியிருந்தது. நான் சிரித்தேன் மகன். என்னுடைய கைமருந்து உன்னுடைய இரண்டு வருசத்தைத் தின்னப் பார்த்ததே! ஒரு கலன் எண்ணெய்க்கு இவ்வளவு பசியா?

கழற்றிய சாமான்களை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். முளையைச் சுற்றி இருக்கிற தேய்ந்த புஷ்களுக்குப் பதிலாகப் புதியவற்றை லேத்தில் கடைந்து, முளையை உள்ளே விட்டு, எடுத்து, ஒரு மயிரளவு சுரண்டி, திரும்ப விட்டு, அப்படியே ஒரு பின்னேரம் முழுக்க. கடைசியில் முளை தன் பாரத்தாலேயே மெதுவாக உள்ளே இறங்கியது, தள்ளவும் இல்லை, விழவும் இல்லை. சுபுஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. அதன் பிறகு வீரமுனை மதகில் வளைந்த தண்டை நிமிர்த்தினார். இரண்டு முன்சில்லும் நேராக இருக்கிறதா என்று பார்க்க அவர் என்ன வைத்தார் என்று நினைக்கிறாய்? ஒரு கம்பும், முற்றத்து விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கும். சில்லுகளின் பின்பக்க இடைவெளியைக் கம்பால் அளந்தார், முன்பக்க இடைவெளியை அளந்தார், முன்பக்கம் ஒரு ஈர்க்குக் கனம் ஒடுங்கலா இருக்கணும் காக்கா, உங்கடது மூணு ஈர்க்கு விரிஞ்சி கிடக்கு என்றார். இத்தனை பெரிய கார், ஐந்து பேர், நெல்லு மூட்டை, மட்டக்களப்புவரை ரோட்டு, எல்லாம் நேராகப் போவது ஒரு ஈர்க்குக் கனத்தில் நிற்கிறது. அந்த ஈர்க்கை வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன். விளக்குமாற்றுக் குச்சியை அலுமாரில வெக்கிற மனிசன இண்டைக்குத்தான் கண்டன் என்று உம்மா கத்துகிறாள், கத்தட்டும்.

இனி டயர். நீ ரேடியல் போடச் சொல்லி எழுதியிருந்தாய், அங்கத்தைய ரோட்டுக்கு அது சரி. றவூபும் குணமும் கதைத்து, இந்தப் பழைய காருக்கும் நம் மணல் ஒழுங்கைகளுக்கும் சாதாரண டயரே போதும், மெதுவாகத் திருப்பும்போது அதுதான் லேசு என்றார்கள். கார் வந்த நாளில் இருந்த அதே இலக்கம், ஒரு விரல்கூடத் தடிப்பில்லை, நாலும் ஒரே சாதி. முன்னுக்கு ரேடியல் பின்னுக்குச் சாதாரணம் என்று கலந்துவிட்டால் மழையில் பின்பக்கம் சறுக்குமாம், அதை நீயும் உன் கூட்டாளிமாருக்குச் சொல். றவூப் ஒவ்வொரு டயரையும் மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தான், வாசலில் வெயில் பட்டுக் கிடந்த ஒன்றை நான் விரும்பியும் தரவில்லை. காற்று அளக்கிற சின்னக் குழல் ஒன்றும் தந்து, இனி காலால ஒதச்சிப் பாக்கிற வேலய வுடுங்க மாமா என்றான். கடற்கரையில் மீன் ஏற்ற மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்துவிட்டுத் திரும்ப அடிக்க மறந்துபோகிற என் பழக்கத்தை அவனுக்கு யார் சொன்னார்களோ, அதையும் டயரில்தான் வாசித்திருப்பான்.

போன வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு காரை எடுத்தேன். பாண்டிருப்பு ஒழுங்கையிலிருந்து பெரிய ரோட்டுக்குத் திருப்ப, பழைய பழக்கத்தில் சீட்டிலிருந்து எழும்பி முழுப் பெலத்தோடு இழுத்தேன், கார் சுழன்று போய்க் குணத்தின் வேலியைத் தொடப் பார்த்தது! காக்கா, இருந்துக்கிட்டு ஓடுங்க என்று சத்தம் போட்டார் அந்தப் பேச்சுக் குறைந்த மனிசன். பிறகு மெல்ல ஓடினேன். நீ முதல் கடிதத்தில், சவூதியில், தம்மாமில் நீ ஓடுகிற பெரிய லொறி ஒரு விரலால் கிறுகும் என்று எழுதியிருந்தாய், பெடியன் வாப்பாவுக்குப் பேக்கதை விடுறான் என்று அப்போது சிரித்தேன். சந்தைச் சந்தியில் நானும் ஒரு விரலை வைத்தேன். கிறுகியது. கையை எடுத்தேன், தானாக நேருக்கு வந்தது. சந்தியில் காரை ஓரமாக்கி நிறுத்திவிட்டு, என் இரண்டு கையையும் பார்த்தேன், ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். இந்தக் கைகளை எவ்வளவு ஏசியிருப்பேன், அவற்றிடம் மன்னிப்புக் கேட்டேன் மகன்.

அப்படியே நேராகச் சாய்ந்தமருதுக்கு விட்டேன். மூன்று மாதமாகக் காரை விடாத அந்த ஒழுங்கைக்குள், இரண்டு பக்கமும் வேலி உரச, ஒரே திருப்பில் உள்ளே போய் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தேன். கைருன்னிஸா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், மாமா, ஆரு காரை ஓடி வந்த என்று கேட்டாள். நான்தான் ஓடி வந்த என்றேன், அவள் நம்பாமல் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். அவளைப் பின்சீட்டில் ஏற்றி, பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, கடற்கரையோரப் பாதையில், ஆளில்லாத இடத்தில், நடக்கிற வேகத்தில் ஓடினேன். பிள்ளை ஸ்டேரிங்கைப் பிடித்தாள். நான் என் கையைத் தளர்த்திக் கீழே வைத்தேன், ஒரு விரற்கடை தூரத்தில்தான் பயப்படாதே. அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள். கார் அந்தப் பக்கம் போனது. சுபுஹானல்லாஹ், அந்தக் கத்தரிப்பிஞ்சு விரல்களுக்குக் கார் கீழ்ப்படிந்து போனது மகன்! அவள் திகைத்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள், இப்போது நான் தள்ளிவிடவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. கைருன்னிஸா பின்சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள், சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

ஆகையால் மகன், கையொப்பம் போடாதே. வாப்பாவின் கை ஏலாமல் போகவில்லை, வாப்பாவின் புத்திதான் கொஞ்சநாள் பூட்டிக் கிடந்தது. நீ போட்ட பழைய கடதாசி பெப்ரவரியில் முடிகிறது, முடிந்த அன்றே புறப்படு. இங்கு லொறி ஓட ஆள் இல்லாமல் அரிசி மில்காரர்கள் ஆள் தேடித் திரிகிறார்கள், ஹயருக்கு நான் இருக்கிறேன், றாஹிலாவின் கலியாணத்துக்குக் கட்டுகிற வீட்டு வேலை ஒரு வருசம் பிந்தினால் அவள் கோபிக்க மாட்டாள், நான் கேட்டுவிட்டேன், காக்கா வரட்டும் வாப்பா, எனக்கு வீட்டுக்கு என்ன அவசரம் என்றாள். ஒருவேளை இந்தக் கடிதம் வருவதற்கு முதல் கையொப்பம் போட்டிருந்தால் வெட்கப்படாமல் போய்க் கேட்டுப் பார், வாப்பா ஒரு கலன் எண்ணெயில் பிழை விட்டுவிட்டார் என்று சொல். அரபிக்காரரும் கடற்கரை ஆட்கள்தானே, விளங்குவார்கள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தந்து, போனபடியே முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன். உம்மாவின் ஸலாமும் துஆவும், றாஹிலாவின் ஸலாம். சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே, வெயிலில் தண்ணீர் குடி. வரும்போது றேடியோ வேண்டாம், கையில் கட்டுகிற உருலோசு வேண்டாம், நல்ல கிறீஸ் பம்பு ஒன்று கொண்டு வா, என்னுடையதை நாறுகிறதென்று உம்மா கடலில் எறிந்துவிட்டாள். எழுத்தைப் பார், நாலு மாதத்துக்குப் பிறகு றாஹிலா எழுதாமல் நானே என் கையால் எழுதுகிறேன். உன்னைக் கூட்டி வரக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வான் பிடிக்கப் போவதில்லை. நம்ம காரில் நானே ஓடி வருவேன். திரும்பி வரும்போதும் நீ ஸ்டேரிங்கைக் கேட்காதே, தரமாட்டேன். நீ பின்சீட்டில் உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
கை சுகமாக இருக்கும் உன் வாப்பா,
மீ. அச்சிமுகம்மது